ஃபாக்ட்னா ஹீட்டர் காத்த படலம்

வாழ்க! ஆண்டில் பாதி நாள் மழையும் மீதி நாள் மழைக்கான முகாந்தரமுமாக விளங்கும் மேற்குக் கார்க் நாட்டில், டன்மான்வே என்னும் திருநகரில் தோன்றிய தோன்றல், பள்ளிப் பிள்ளைகளின் பேரிரைச்சலுக்கு அஞ்சாது வளைந்த சாலையெல்லாம் பேருந்தென்னும் பெருந்தேர் செலுத்தும் சாரதி, அஸம்ப்டா அம்மையின் கைத்தலம் பற்றிய கணவன், கரும்பீரின் வெண்ணுரையை மேலுதட்டில் மீசையாய்ச் சூடி மாலைதோறும் வீற்றிருந்த வேந்தன், ஃபாக்ட்னா க்ரௌலி வாழ்க! அவன் வழுக்கை வாழ்க! முழங்கை கிழிந்த அவன் கம்பளிச் சட்டையும் வாழ்க! நுரையே, நீ காப்பாயாக. நொதியே, நீ துணை நிற்பாயாக. வறுத்த வாற்கோதுமையின் கருகல் மணமே, இக்கதை சொல்லப் புகுந்த நாவில் நீ வந்து அமர்வாயாக. கதை கொஞ்சம் நீளம்.

முதலில் அவன் இழந்த அரியணையைச் சொல்லவேண்டும். அஸம்ப்டாவின் தமையன் கானி நடத்திய மதுச்சாலையில், சுவரும் மேடையும் கூடும் மூலையில், மூன்றுகால் ஸ்டூல் ஒன்று இருந்தது. முதுகுக்குச் சுவர், முழங்காலுக்குக் கணப்பு, கைக்கெட்டும் தூரத்தில் கோப்பை, கண்ணுக்கெட்டும் தூரத்தில் வாசல் என்று நாற்புற நலனும் வாய்ந்த அந்த ஆசனத்தில் ஃபாக்ட்னா கல்யாணமான ஆண்டு முதல் எழுந்தருளியிருந்தான். அங்கே அமர்ந்துவிட்டால் அவன் ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை. ஊர் பேசும், அவன் தலையசைப்பான். நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டித் தொண்டை கட்டிப்போன மனிதனுக்கு இந்தப் பரந்த உலகில் நிம்மதி கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்டவனுடைய நாவில் ஓர் அக்டோபர் மாலை விதி ஏறி உட்கார்ந்தது. ஒரு மிடறு அருந்தினான். கோப்பையை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தான். பெற்றவளைப் பழித்தாலும் பொறுத்துக்கொள்ளும் எந்த மதுக்கடைக்காரனும் பொறுக்கமாட்டாத அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான்.

“பீரு வர்ற குழாயைக் கழுவி எத்தனை நாளாச்சு மச்சான்?”

மதுச்சாலை அடங்கியது. ஈயாடவில்லை; கணப்பில் கரி வெடிக்கவில்லை. மேடைக்குப் பின்னே, துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்து, கடலிடைப் பாறையென நிமிர்ந்தான் கானி.

“என் குழாயில வர்றது உனக்கு ஆகலையோ? அப்ப நீயே வீட்ல காய்ச்சிக் குடியேன் மாப்ள.”

“காய்ச்சுவேன். இதைவிட நல்லாவே காய்ச்சுவேன்.”

“காய்ச்சு. தெருவுக்கு கிறிஸ்மஸ் லைட்டு போடுற அன்னிக்கி இங்க கொண்டா. ஊரு குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த ஸ்டூலுல நீ உக்காரக் கூடாது. நல்லா இல்லேன்னா எப்பவுமே உக்காரக் கூடாது.” பிறகு வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஜெரோமு, ஏன் அந்தக் குளிர்ல குந்தியிருக்க? இங்க வந்து உக்காரு.”

ஜெரோம் டூமி என்பான், கன்றுக்குட்டித் தரகன், வாடைக்காற்று நுழையும் கதவோரத்தில் பல்லாண்டு காத்திருந்தவன், ஃபாக்ட்னாவின் உடல்சூடு ஆறுமுன்பே அந்த ஆசனத்தில் அமர்ந்தான். அமர்ந்ததும் பேசத் தொடங்கினான். நாடிழந்த வேந்தர் காடேகியதுபோல் நம் நாயகன் மழையில் நனைந்து வீடேகினான். குடையை மறந்துவிட்டான்.

இனி அவன் ஆற்றிய அருஞ்செயல் கேளீர். கரும்பீர் என்றால் எல்லாம் கரும்பீர் அல்ல. அந்நாட்டார் போற்றும் ஸ்டவுட் வறண்டு நிற்கவேண்டும். முளைகட்டிய வாற்கோதுமையாகிய மால்ட்டின் சர்க்கரையைக் கடைசித் துகள்வரை நொதி தின்று தீர்த்திருக்கவேண்டும். கருகலும் கசப்பும் நாவைத் தொட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் விலகவேண்டும். இனிப்பு ஒரு துளி மிஞ்சினாலும் அது பீர் ஆகாது, பிள்ளைகளுக்குப் புகட்டும் டானிக் ஆகிவிடும். இதையெல்லாம் ஃபாக்ட்னா குடித்தே அறிந்தவன். காய்ச்சி அறிந்தவன் அல்லன்.

அஸம்ப்டா ஞாயிற்றுப் பூசைக்குப் போன நேரம் பார்த்து அவன் அடுக்களைமேல் படையெடுத்தான். கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை வேகவைக்கும் பேரண்டாவை அடுப்பேற்றினான். வெளிறிய மால்ட்டைப் படைவரிசையாகவும், வறுத்த வாற்கோதுமையை யானை நிரையாகவும், கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவை வெற்றிமாலையாகவும் நிறுத்தி, மரக்கரண்டியை வேலெனப் பற்றி, ஆவி எழுந்து கண்ணாடி மறைக்க, வியர்வை எழுந்து கண்ணை மறைக்கக் கிண்டினான். இடையில் தொலைபேசி மணி ஒலித்தது. வீரன் ஒரே ஒரு கணம் திரும்பினான். அந்த ஒரு கணத்தில் அண்டாவுள் அடங்கியிருந்த கருங்கடல் கரையுடைத்துப் பொங்கி, அடுப்பை மூழ்கடித்து, இழுப்பறையில் புகுந்து, கரண்டிகளைச் சிறைபிடித்து, பூனையின் பாலைக் கறுப்பாக்கிற்று. தடுக்கப்போன வலக்கையில் ஒரு கொப்புளம் கண்டது. மார்பில் விழுப்புண் ஏற்ற மன்னர் அதைக் காட்டிப் பெருமை கொள்வர். ஃபாக்ட்னா பற்பசை தடவிக்கொண்டான்.

பூசை முடிந்து வந்த அஸம்ப்டா வாசற்படியிலேயே நின்றாள்.

“என்ன இது, அடுப்புமேல தார் ரோடு போட்டிருக்கே?”

“பொங்கிடுச்சு. துடைச்சிடறேன்.”

“துடை. துடைச்சாத்தான் மத்தியானச் சாப்பாடு. இழுப்பறையும் சேத்து. பூனை என்ன பாவம் பண்ணுச்சு?”

அடுப்பு துலங்கிற்று. ஆறிய கரும்புனல் மூடியிட்ட பிளாஸ்டிக் வாளியை அடைந்தது. நொதியும் தூவப்பட்டது. மூடியில் செருகிய வளைகுழாயில் குமிழி எழும்நாள் எந்நாள் என்று அவன் காத்திருக்க, குமிழி எழவில்லை. நவம்பர் பிறந்து, வீடு முழுதும் குளிர் குடியேறியிருந்தது. நொதி என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்படை. கதகதப்பில் கடலையும் குடிக்கும், குளிரில் கண்மூடிப் படுத்துவிடும். ஆகவே ஃபாக்ட்னா வாளியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடியேறி, செம்பாலான வெந்நீர்க் கலம் நிற்கும் துணி அலமாரிக்குள், இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகளின் நடுவே கொலுவிருத்தினான். பிறகு, அந்தக் கலத்து நீரைச் சுடவைத்து மின்சாரத்தைக் குடம்குடமாய்க் குடிக்கும் ஹீட்டரின் சுவிட்சை, குளியலறைக் கதவருகே சுவரில் இருந்ததை, போட்டான். சுவிட்சின் சிவப்பு விளக்காகிய செங்கண் திறந்தது. கலம் முனகியது.

அவையோரே, இங்கேதான் கதைக்கு முடிச்சு. அந்நாட்டில் பிள்ளை பிறந்ததும், ஞானஸ்நானத்துக்கும் முன்பே, காதில் ஓதப்படும் மந்திரம் ஒன்று உண்டு: ஹீட்டரை அணை. களவுக்கு மன்னிப்பு உண்டு, கடனுக்குத் தவணை உண்டு, ஹீட்டரை எரியவிட்டவனுக்கு மட்டும் இம்மையில் நற்பெயரும் மறுமையில் நற்கதியும் கிடையா. அந்தச் செங்கண் ஒளிரக் கண்டால் குழந்தையின் கையும் எழும், கிழவரின் கையும் எழும், கனவில் நடப்பவர் கையும் எழும். அறிவு யோசித்து முடிப்பதற்குள் கை அணைத்து முடித்திருக்கும். ஃபாக்ட்னா அதை எரியவிட்டான்; எரியவிட்டுக் கீழே வந்து மனைவியிடம் சொன்னான்.

அஸம்ப்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ராப்பகலாவா?”

“ஒரு வாரத்துக்குத்தான். நொதி தின்னு முடிக்கிற வரைக்கும்.”

“எங்கப்பன் எந்திரிச்சு வருவான் கல்லறையில இருந்து.”

“அஸம்ப்டா, அந்த ஸ்டூலு இல்லாம என்னால முடியலடி. சாயங்காலம் ஆனா எங்க போறதுன்னே தெரியல. நேத்து பஸ்ஸுலயே உக்காந்திருந்தேன்.”

அவள் மாலை வேளையில் பூட்டிய பேருந்துக்குள் தனியே உட்கார்ந்திருக்கும் கணவனை மனக்கண்ணால் கண்டாள் போலும். பிறகு உடன்படிக்கை சாற்றினாள்.

“சரி, எரியட்டும். நான் அணைக்க மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் போறப்ப கண்ணை மூடிக்குவேன். பாத்தா என் கை சும்மா இருக்காது.”

அன்று முதல் அந்த உத்தமி குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கண்களை இறுக மூடி, சுவரைத் தடவி, துணிக்கூடையில் கால் இடறிச் சென்றாள். கற்பென்பதை வேறு எப்படிச் சொல்ல. அலமாரிக்குள் நுண்படை விழித்தது. குளுக், என்றது வளைகுழாய். குளுக், குளுக். ஃபாக்ட்னா படிக்கட்டில் உட்கார்ந்து அந்த முரசொலியைக் கேட்டான். ஜெரோமின் முதுகு மதுச்சாலைச் சுவரில் சாய்ந்திருக்கும் காட்சி கண்ணைவிட்டுக் கொஞ்சம் நீங்கிற்று.

நிற்க. அவ்வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஒரு வீட்டில் பூசை நடக்கும். பாதிரியார் எழுந்தருளுவார், அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடுவர், பூசை முடிந்து பெருந்தீனி உண்டு. முறை சுற்றிச் சுற்றி வந்து, அந்த ஆண்டு, அந்த வாரம், அந்த வியாழனன்று, க்ரௌலி வீட்டில் வந்து நின்றது. புதுச் சுண்ணம் பூசிய சுவரும், பளபளக்கும் பீங்கானும், மூன்றுவகைக் கேக்கும் எல்லாம் ஆயத்தம். வீட்டில் இருந்ததோ ஒரே கழிவறை. அது இருந்ததோ மாடியில். சுவிட்ச் இருந்ததோ அதன் கதவோரத்தில்.

முதலில் ஏறியவள் அடுத்த வீட்டு நோனி ஹர்லி. இறங்கி வந்து, கூடியிருந்தோர் அனைவர் முன்னும் நாயகனின் தோளில் தட்டினாள்.

“ஃபாக்ட்னா, மேல ஹீட்டரு எரிஞ்சிட்டே இருந்துச்சு. நான் அணைச்சிட்டேன். நீ பதறாத.”

“ஐயோ, நல்லவேளை!” என்றது சபை ஒரே குரலில்.

“ரொம்ப நன்றி நோனி” என்றான் வீரன். பற்களுக்கிடையே வந்தது அச்சொல். மாடியேறினான், போட்டான், இறங்கினான். நோனியின் கணவன் ஏறினான், அணைத்தான், இறங்கினான். ஃபாக்ட்னா ஏறினான். தபால்காரர் ஏறினார். ஃபாக்ட்னா ஏறினான். ஏறுவோரும் இறங்குவோருமாக அந்தப் படிக்கட்டு முற்றுகைக்குள்ளான மதிலின் ஏணியாயிற்று. அணைத்தவர் ஒவ்வொருவரும் அறம் செய்த முகத்தோடு இறங்கிவந்து அவனுக்குக் கண்ணைக் காட்டினர். ஒவ்வொருவருக்கும் அவன் நன்றி சொன்னான். நான்காம் முறை ஏறியபோது மூச்சு வாங்கிற்று. அலமாரிக் கதவைத் திறந்து காது கொடுத்தான். குளுக் என்னும் ஒலிக்கும் அடுத்த குளுக்குக்கும் இடைவெளி நீண்டிருந்தது.

அப்போது அவன் வஞ்சினம் உரைத்தான். மதில் காக்கும் மன்னர் நொச்சிப்பூச் சூடுவர். கையில் அகப்பட்ட துவாலையைத் தோளிற் சூடினான் ஃபாக்ட்னா. சுவிட்சை முதுகால் மறைத்து, கால்களை அகல ஊன்றி, படிக்கட்டை நோக்கி நின்றான். இனி என் முதுகைத் தாண்டி ஒரு விரலும் செல்லாது என்று துணிக்கூடைக்கு அறிவித்தான்.

முதலில் வந்தவர் ஃபாதர் கோக்லன். பூசைக்குமுன் கைகழுவ வந்தவர், கழுவி வெளியே வந்து, முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

“ஃபாக்ட்னா, வெந்நீர் வருதேப்பா!”

“ஆமா ஃபாதர்.”

மலர்ச்சி மெல்ல வாடியது. “அப்ப எரியுதா? எங்க சுவிட்சு? நகரு.”

“ஃபாதர், அது பீருக்கு.”

“பீருக்கு வெந்நீர் எதுக்கு?”

அவன் உள்ளே வாளி இருப்பதையும், ஸ்டூல் போனதையும், நுண்படையின் குளிர்பயத்தையும் எடுத்துரைத்தான். திருச்சபையின் நெடிய மரபில் இந்தக் கேள்விக்கு விடை உண்டா என்று பாதிரியார் கூரையைப் பார்த்தார். கை அவரையறியாமல் எழுந்தது; அவரே அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சே எரிய விடுறது பாவமில்ல” என்றார் கடைசியில். “ஆனா நல்லாவும் இல்ல.”

அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்ப ஒருமுறை குளியலறைக்குள் போய், வெந்நீரில் இன்னொரு தரம் கைகழுவிவிட்டு இறங்கினார்.

கீழே பூசை தொடங்கிற்று. மேலே ஃபாக்ட்னா நின்ற இடத்திலிருந்தே பூசையில் மக்கள் சொல்லும் விடைச்சொற்களை முணுமுணுத்தான். வயிற்றுவலியா என்று மேலே வந்த சிலர் கேட்டனர், ஆமாம் என்றான். அவ்வேளை படிக்கட்டு அதிர்ந்தது. மேகம் மலையேறுவதுபோல் ஓர் உருவம் மேலேறி வந்தது. அகன்ற தோள், சிவந்த மூக்கு, ஞாயிற்றுப் பூசைக்குக் கட்டும் டை. கானி!

மைத்துனரிருவரும் எதிரெதிர் நின்றனர். துவாலைக்கும் தோளுக்கும் இடையே செங்கண்ணின் ஒளி கசிந்தது. கானி அதைக் கண்டான். கண்டதும் அவன் வலக்கை, முன்னோர் முன்னோர் வழிவந்த வலக்கை, இடுப்பிலிருந்து புறப்பட்டது.

“எரியுது மாப்ள.”

“எரியட்டும் மச்சான்.”

“எதுக்கு?”

ஃபாக்ட்னா அலமாரியைப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒலித்தது: குளுக். கானிக்குப் புரிந்தது. ஒரு விரலால் ஒரு சுவிட்சைத் தட்டினால் பகைவனின் படை உறங்கும், சவால் முடியும், குழாய்ச் சொல்லுக்குக் கணக்குத் தீரும். அதற்கும் மேலாக, எரிகிறதே! எரிந்துகொண்டே இருக்கிறதே! கானியின் நெற்றி வியர்த்தது. கை பாதிவழியில் நின்றது. தேர்ச்சக்கரத்தைக் கையால் நிறுத்தியோர் உண்டு, மதயானையின் கொம்பைப் பற்றியோர் உண்டு. ஒளிரும் ஹீட்டர் சுவிட்சுக்கு முன்னே தன் கையைத் தானே இழுத்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்த கார்க் நாட்டான் அன்றுவரை இல்லை. திணித்தான் கானி. பையின் தையல் விட்டது.

“அணைச்சு ஜெயிச்சேன்னு எவனும் சொல்லக் கூடாது” என்றான்.

ஃபாக்ட்னா தோள்துவாலையைச் சரிசெய்துகொண்டான்.

“குழாயைக் கழுவிட்டேன்” என்றான் கானி, சுவரைப் பார்த்து.

“எப்ப?”

“நீ போன மறுநாளே.”

“ஜெரோம் எப்படி இருக்கான்?”

“வாயை மூட மாட்டேங்கிறான். கன்னுக்குட்டி, கன்னுக்குட்டி, கன்னுக்குட்டி. கடையில ஒருத்தனுக்கும் நிம்மதி இல்ல.” பெருமூச்சு விட்டான். “ஆனா ஊரு முன்னாடி சொன்ன சொல்லு. நான் என்ன பண்ணட்டும்? நல்லதாக் காய்ச்சிக் கொண்டு வந்துரு மாப்ள.”

கீழே பூசை மணி ஒலித்தது. அங்கேயே, துணிக்கூடைக்கு இருபுறமும், இருவரும் மண்டியிட்டனர். ஃபாக்ட்னா பீருக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொண்டான்.

பூசை முடிந்தது, கேக் தீர்ந்தது, வந்தோர் போயினர், செங்கண் அணையவில்லை. வாகை! வாகை! ஊரெல்லாம் திரண்டு வந்தும் ஒரு சுவிட்சைக் காத்து நின்ற தனிவீரனுக்கு வாகை! துவாலையை அஸம்ப்டா துவைக்கப் போட்டாள்.

ஆயின், கேளீர், வெளிப்பகையை வென்றோர் வீழ்வது எங்கே என்பதை. சனிக்கிழமை கணவனும் மனைவியும் கென்மேருக்குப் புறப்பட்டனர். அஸம்ப்டாவின் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம், திங்கள் வரை தங்கல். நொதி தன் வேலையில் மும்முரமாக இருந்தது. திரும்பி வரும்போது தின்று முடித்திருக்கும் என்று ஃபாக்ட்னா வாளியைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினான். மழையும் தூறலும் மாறிமாறி வழிவிட, ட்ரிமொலீக் கடந்து, பான்ட்ரி வளைகுடா இடப்பக்கம் சாம்பலாய் விரிந்து பின்தங்க, பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அஸம்ப்டா பாட்டை நடுவில் நிறுத்தினாள்.

“ஃபாக்ட்னா. ஹீட்டரு.”

“என்ன ஹீட்டரு?”

“அணைச்சியா?”

நாயகன் முகத்தில் இரத்தம் வற்றியது. ஸ்டியரிங் சக்கரம் கையில் வழுக்கியது. எரிகிறது! ஆளில்லாத வீட்டில், பூட்டிய வீட்டில், திங்கள்வரை எரியப்போகிறது! அவர்களிருவரின் நெஞ்சிலும் வேறொரு நினைவும் இல்லை. பீர் இல்லை, வாளி இல்லை, ஸ்டூல் இல்லை, குளுக் இல்லை. பிறப்பதற்கு முன்பே ஊறிய அந்த ஒற்றைப் பேரச்சம் மட்டும் இடிமுழக்கமாய் நின்றது. அகலமில்லாத சாலையில், முன்னே ஒரு டிராக்டரும் பின்னே ஒரு பால்வண்டியும் இருக்க, ஃபாக்ட்னா தேரைத் திருப்பினான். பால்வண்டிக்காரன் கத்தினான், “ஹீட்டரை விட்டுட்டு வந்துட்டோம்!” என்று அஸம்ப்டா ஜன்னல்வழி கூவினாள், உடனே அவன் ஒதுங்கி வழிவிட்டுத் தொப்பியைத் தூக்கினான். காற்றினும் கடுகி வந்தது கார். வாயில் திறந்தது, கதவு திறந்தது, சேற்றுக்காலோடு இரண்டிரண்டு படியாய்த் தாவினான் வீரன், ஊரே தொடமுடியாதபடி தன் முதுகால் காத்த அந்தச் சுவிட்சைத் தன் கையால் அணைத்தான்.

அணைந்தது. அப்பாடா, என்றான்.

ஞானஸ்நானம் சிறப்பாக நடந்தது. ஃபாக்ட்னா கேக் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

திங்கள் மாலை வீடு திரும்பி, கோட்டையும் கழற்றாமல் அலமாரியைத் திறந்தவன் சிலையானான். வாளி கிணற்றுக்கல்லாய்க் குளிர்ந்திருந்தது. வளைகுழாய் வாய்திறக்கவில்லை. ஒரு துளி எடுத்து நாவில் வைத்தான். இனித்தது.

“அஸம்ப்டா!” என்று எழுந்தது சிம்மக்குரல். “எவனோ உள்ள வந்து அணைச்சிருக்கான்! நோனிகிட்ட சாவி இருக்குல்ல? அவதான்! நான் இப்பவே போய்க் கேக்கறேன் அந்த...”

“நீதான்” என்றாள் அஸம்ப்டா.

“என்ன நானு?”

“பான்ட்ரி தாண்டித் திரும்பினோமே.”

அவன் படிக்கட்டில் உட்கார்ந்தான். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நானும்தான் ஞாபகப்படுத்தினேன்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு சுவிட்சைப் போட்டும், வாளியைக் குலுக்கியும், கம்பளி சுற்றியும், கெஞ்சியும் பார்த்தார்கள். உறங்கிய படை எழவில்லை. தெருவிளக்கு நாள் நெருங்கிற்று. வேறு வழியின்றி ஃபாக்ட்னா நுரை கட்டுவதற்கென்று கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டில்களில் அடைத்து, அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தான். இதமான இடம்.

தெருவெங்கும் வண்ணவிளக்கு எரிந்த அந்த மாலை, மதுச்சாலையில் ஊரே கூடியது. ஃபாக்ட்னா ஒரே ஒரு பாட்டிலைத் தலைமகனைப்போல் ஏந்தி வந்தான். பின்னே அஸம்ப்டா வந்தாள். மூலையில், முதுகுக்குச் சுவரும் முழங்காலுக்குக் கணப்புமாக, ஒரு கன்றுக்குட்டியின் கழிச்சலைப் பற்றி விரித்துரைத்துக்கொண்டிருந்த ஜெரோம் பேச்சை நிறுத்தினான். பாதிரியார் நின்றார். நோனி நாற்காலிமேல் ஏறினாள். கானி அந்த மூலைக்கே மேடையோரமாக வந்து, பாட்டிலை வாங்கி, திறப்பானை வைத்து அழுத்தினான்.

அந்தோ! வாளியில் கண்திறக்க மறுத்த படை, அடுப்போரத்து இதத்தில் பாட்டிலுக்குள் விழித்திருந்தது. மூடி பறந்தது. கருந்தூண் ஒன்று சீறி எழுந்து, கூரையை முட்டி, வெண்குடையாய் விரிந்து, கானியின் டைமேலும், ஜெரோமின் தொப்பிமேலும், மடிமேலும், மூலையெங்கும் மாரியாய்ப் பொழிந்தது. பேரிரைச்சல் ஓய்ந்தபின் பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை மிஞ்சியது. அதைக் கானி சிறு கோப்பையில் ஊற்றினான், வெளிச்சத்தில் பார்த்தான், குடித்தான். வாயில் வைத்துக்கொண்டு ஃபாக்ட்னாவின் முகத்தைப் பார்த்தான். விழுங்கினான்.

“இனிக்குது மாப்ள” என்றான். சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

ஜெரோம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “டானிக்கு காய்ச்சிருக்கான்! இருமலுக்கு ஆகும்டா!”

“நல்லாத்தானே பொங்கிட்டிருந்துச்சு அன்னிக்கி” என்றான் கானி. “நான் என் காதால கேட்டேனே. ஏன் நின்னுச்சு?”

ஃபாக்ட்னா பொய் சொல்லியிருக்கலாம். நொதிமேல் பழிபோட்டிருக்கலாம். ஆனால் களைத்திருந்தான்.

“கென்மேர் போயிட்டிருந்தோம். பாதி வழியில ஹீட்டரு ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து அணைச்சிட்டுப் போனேன்.”

மதுச்சாலை அடங்கியது. யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

“எங்க வரைக்கும் போயிருந்தீங்க?” என்று கேட்டாள் நோனி, நாற்காலிமேல் நின்றபடி.

“பான்ட்ரி தாண்டி.”

“பான்ட்ரி தாண்டி!” என்றது கூட்டம்.

“மழையில” என்றாள் அஸம்ப்டா.

“பீரு உள்ள இருக்குன்னு தெரிஞ்சுமாப்பா?” இது பாதிரியார்.

“அது அப்பத் தோணல ஃபாதர். ஹீட்டரு எரியுதேன்னுதான் தோணுச்சு.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பால்வண்டிக்காரனைப் போலவே தபால்காரரும் தொப்பியைக் கழற்றினார். பாதிரியார் மெல்லத் தலையசைத்தார். கானி மேடையின்மீது இரு கைகளையும் ஊன்றி, அவை முழுதும் கேட்கும்படி முழங்கினான்.

“ஜெரோமு. எந்திரி.”

“எதுக்கு? பீரு இனிக்குதுன்னு நீதானே சொன்ன?”

“பீரு இனிக்குது. அதை எவன் இல்லைன்னான்? மனுஷன் தன் ஸ்டூலு போனாலும் போகட்டும்னு பான்ட்ரி தாண்டித் திரும்பி வந்து ஹீட்டரை அணைச்சிருக்கான். நீயா இருந்தா திரும்பிருப்பியா?”

“திரும்பிருப்பேன்” என்றான் ஜெரோம், முணுமுணுப்பாக. ஆனால் எழுந்துவிட்டான்.

அப்போது, தெருவிளக்குகள் ஜன்னலில் பன்னிறம் வீச, கணப்பு செந்நாவால் கட்டியம் கூற, ஊர்மக்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட, அஸம்ப்டா அம்மை கண்களைத் திறந்தே வைத்திருந்து கண்ணீர் மல்க நோக்க, கானி தன் கையாலேயே கழுவிய குழாயில் கறுப்பு நிறையும்வரை பிடித்து, அடங்கவிட்டு, மறுபடி பிடித்து நுரைமுடி சூட்டிய கோப்பையைச் செங்கோலென நீட்ட, பகைவென்றும் பகையின்றியும், பீர் தோற்றும் பெருமை தோற்காமலும், இழந்த நாட்டுக்கு மீண்ட ஏந்தல், பேச்சொழிந்த பேரின்பத்தின் பெருந்தலைவன், ஃபாக்ட்னா க்ரௌலி, அந்த மூலையை அடைந்து, கம்பளிச் சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, தன் அரியணையில் அமர்ந்தான்.

ஸ்டூல் நனைந்திருந்தது.